எதிரிக்குத் தெரியாமல் ஆடுவது எப்படி: ஆன்லைன் ஷூட்டர்களில் ஸ்டெல்த்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்டெல்த் என்றதும் நிறைய பேர் ஒரு ரூமின் மூலையில் குத்தவைத்து உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருப்பதைத்தான் நினைக்கிறார்கள். அது கேம்பிங். ஒரு தடவை வேலை செய்யும், அடுத்த தடவை அதே மூலைக்கு கிரனேட் வரும். இங்கே நான் சொல்லப்போவது வேறு. எதிரணியில் இருக்கும் ஒவ்வொருவர் தலைக்குள்ளும் ஒரு மேப் ஓடிக்கொண்டே இருக்கிறது: ஒருத்தன் இந்தப் பக்கம், இரண்டு பேர் அந்தப் பக்கம், பின்னால் யாரும் இல்லை. காலடிச் சத்தம், துப்பாக்கிச் சத்தம், மினிமேப்பில் மின்னும் புள்ளி, செத்துப்போன டீம்மேட் மைக்கில் கத்திச் சொன்ன ஒரு வார்த்தை, இதை வைத்துத்தான் அந்த மேப்பை வரைகிறார்கள். அதில் உங்கள் புள்ளி தப்பான இடத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் இருக்கவே கூடாது. கீழே வரும் ஒவ்வொரு படியும் இதற்காகத்தான், எந்தப் படியிலாவது சந்தேகம் வந்தால் இதைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்: இப்போது அவனுக்கு என்னைப் பற்றி என்ன தெரியும்?

படி 1: முதலில் உங்கள் காது

நல்ல ஸ்டீரியோ ஹெட்செட் போதும், விலை உயர்ந்ததெல்லாம் அவசியமில்லை. ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம். மியூசிக், மெனு சத்தம் எல்லாவற்றையும் குறைத்துவிடுங்கள். வேலரன்ட்டில் ஹெச்ஆர்டிஎஃப் என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது, காலடி முன்னாலா பின்னாலா, மேலேயா கீழேயா என்று பிரித்துச் சொல்ல அது உதவும். ஆனால் கேமுக்குள் ஒரு ஸ்பேஷியல் சவுண்ட் (சத்தத்துக்குத் திசை கொடுக்கும் வசதி), விண்டோஸில் இன்னொன்று, ஹெட்செட் சாஃப்ட்வேரில் மூன்றாவது என்று ஒன்றின்மேல் ஒன்று போட்டால் திசை குழம்பிவிடும், ஏதாவது ஒன்றை மட்டும் வையுங்கள். விண்டோஸின் லவுட்னஸ் ஈக்வலைசேஷன் சின்னச் சத்தத்தைத் தூக்கிக் காட்டும் என்று சிலர் போட்டுக்கொள்வார்கள். எனக்கு அது பிடிக்காது, தூரத்துக் காலடியும் பக்கத்துக் காலடியும் ஒரே அளவில் கேட்க ஆரம்பித்துவிட்டால் ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்ற கணக்கே போய்விடும்.

ஃபோர்ட்நைட்டில் சத்தத்தைத் திரையில் குறியாகக் காட்டும் ஆப்ஷன் உண்டு, பப்ஜி மொபைலில் காலடியும் துப்பாக்கிச் சத்தமும் மினிமேப்பிலேயே குறியாக விழும். அதாவது மொபைலில் எதிரி சவுண்டை மியூட் செய்துவிட்டு ஆடினாலும் நீங்கள் ஓடுவதைக் கண்ணால் பார்க்கிறான். இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 2: நீங்கள் போடும் சத்தம்

ஸ்டெல்த்தில் முக்கால்வாசி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒவ்வொரு கேமிலும் ஓட்டம், மெது நடை, குனிந்த நடை மூன்றுக்கும் சத்தம் வேறு வேறு. கவுன்டர் ஸ்ட்ரைக்கிலும் வேலரன்ட்டிலும் ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தால் காலடி கேட்கவே கேட்காது, ஓடினால் நன்றாகக் கேட்கும். விலை என்ன? கவுன்டர் ஸ்ட்ரைக்கில் ஷிஃப்ட் நடை என்பது கிட்டத்தட்ட ஓட்டத்தில் பாதி வேகம். பப்ஜியிலும் ஏபெக்ஸிலும் குனிந்து நடந்தால் சத்தம் நன்றாகக் குறையும். ரெயின்போ சிக்ஸ் சீஜில் குனிந்த நடை அமைதியானது, கவேரா என்ற ஆபரேட்டருக்கு (கேரக்டருக்கு) அதையும் தாண்டி சைலன்ட் ஸ்டெப் என்றே தனித் திறமை கொடுத்திருக்கிறார்கள்.

இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது காலடியில் இல்லை, மற்ற சத்தங்களில். உயரத்திலிருந்து குதித்து இறங்கும்போது வரும் தொப் சத்தம். ரெண்டு குண்டு சுட்டதும் பழக்கதோஷத்தில் அடிக்கிற ரீலோட். ஸ்கோப்பை ஏற்றி இறக்குவது. துப்பாக்கியை மாற்றி மாற்றிப் பார்ப்பது. கிரனேட் பின்னை இழுப்பது. பப்ஜியில் கதவு திறப்பது, மூடுவது. எஸ்கேப் ஃப்ரம் டார்கோவ் என்ற கேமில் புதரை உரசிக்கொண்டு போனால் இலைச் சத்தம் வரும், அங்கே மவுஸ் வீலில் நடை வேகத்தையே கூட்டிக் குறைக்கலாம் என்பதால் அந்தக் கேமில் வேகத்தை எங்கே வைப்பது என்பதே ஒரு தனி வித்தை.

இந்த விஷயத்தில் என்னை மிகவும் கவர்ந்த கேம் ஹன்ட்: ஷோடவுன். அங்கே மேப்பே உங்களைக் காட்டிக்கொடுக்கும். தரையில் உடைந்த கண்ணாடி, காய்ந்த சுள்ளி, தொங்கும் சங்கிலிகள், கூண்டில் நாய், வயலில் காயம்பட்ட குதிரை, அப்புறம் காக்கைக் கூட்டம். ஒரு கூட்டம் காக்கை சடசடவென்று பறந்தால் நூறு மீட்டருக்கு அப்பால் இருப்பவனுக்கும் அங்கே ஆள் இருக்கிறது என்று புரிந்துவிடும். அதனால் அங்கே நன்றாக ஆடுபவர்கள் எதிரியைத் தேடுவதற்கு முன்னால் காக்கையைத் தேடுவார்கள். வளைத்துப் போக நேரம் ஆனாலும் வளைத்தே போவார்கள். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் மற்ற எந்தக் கேமுக்குப் போனாலும் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்துவிடுவீர்கள்: இது மரத்தரையா, இரும்புப் படியா, தண்ணீரா, மண்ணா? இரும்பில் ஓடும் சத்தத்தை வைத்தே நீங்கள் எந்தப் படிக்கட்டில் இருக்கிறீர்கள் என்று மேப் தெரிந்தவன் சொல்லிவிடுவான்.

இன்னொன்று: சத்தம் எப்படிப் பயணிக்கிறது என்பதும் கேமுக்குக் கேம் மாறும். சீஜில் சத்தம் பெரும்பாலும் கதவு, ஜன்னல், உடைந்த சுவர் என்று திறப்புகள் வழியாகச் சுற்றி வந்துதான் காதில் விழும். அதனால் நீங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் உங்கள் காலடி வாசல் பக்கத்திலிருந்து வருவதுபோல அவனுக்குக் கேட்கலாம். எந்த ஓட்டையைத் திறக்கிறோம், எதை மூடி வைக்கிறோம் என்பதில் ஸ்டெல்த் இருக்கிறது, டிஃபெண்டர்கள், அதாவது இடத்தைக் காக்கும் அணியினர், சுவரை உடைக்கும்முன் யோசிக்க வேண்டியது இது.

படி 3: எப்போது ஓடலாம்

எப்போதும் மெதுவாக நடப்பவர் ஸ்டெல்த் ஆடுபவர் இல்லை, எல்லா இடத்துக்கும் லேட்டாகப் போய்ச் சேருபவர். ஷிஃப்ட்டை ரவுண்டு முழுக்கப் பிடித்துக்கொண்டு போனால் நீங்கள் சேர்வதற்குள் உங்கள் டீம் செத்துக்கிடக்கும்.

கணக்கு இதுதான். எதிரிக்குக் கேட்கக்கூடிய தூரத்துக்கு வெளியே இருக்கும்வரை தாராளமாக ஓடுங்கள். அந்த எல்லைக்கு வந்ததும் நடைக்கு மாறுங்கள். எல்லைக்குள்ளே வேகம் வேண்டுமென்றால் வேறு யாராவது போடும் சத்தத்துக்குள் ஒளிந்துகொள்ளுங்கள்: டீம்மேட் சுடும்போது, ஸ்மோக் வெடிக்கும்போது, பப்ஜியில் வண்டி போகும்போதோ ரெட் ஸோன் குண்டு விழும்போதோ. சுடும் சத்தம் நின்றதும் நீங்களும் நின்றுவிட வேண்டும். சுடுவது நின்ற அடுத்த ஒரு விநாடியில்தான் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள், அந்த விநாடியில் ஒரே ஒரு காலடி விழுந்தாலும் இவ்வளவு நேரம் பட்ட பாடு வீண்.

ஏற்கெனவே உங்களைப் பார்த்துவிட்டார்கள், ரேடாரில் விழுந்துவிட்டீர்கள் என்றால் மெதுவாக நடப்பதில் அர்த்தமே இல்லை. அப்போது ஓடி இடத்தை மாற்றுங்கள், மாற்றியபின் அமைதியாகுங்கள். சத்தம் போட்டு ஒரு பக்கம் ஓடிவிட்டு ஷிஃப்ட்டில் திரும்பி வருவதும் பழைய வித்தைதான், இன்றைக்கும் வேலை செய்கிறது, ஏனென்றால் கடைசியாகக் கேட்ட சத்தத்தை மனுஷன் நம்பத்தான் செய்வான்.

படி 4: கண்ணுக்குப் படாமல் இருப்பது

கண் முதலில் பிடிப்பது அசைவைத்தான், நிறமெல்லாம் அப்புறம். புதருக்குள் அசையாமல் இருப்பவன் தப்பிப்பான், நல்ல இடத்தில் இருந்துகொண்டு இடமும் வலமும் ஆடிக்கொண்டே இருப்பவன் மாட்டுவான். மேட்டின் உச்சியில் நின்றால் பின்னால் வானம், உங்கள் உருவம் கறுப்பாக வெட்டித் தெரியும், அதனால் உச்சிக்குச் சற்றுக் கீழே, பின்னால் பாறையோ மரமோ இருக்கும்படி நில்லுங்கள். நிழலையும் கவனியுங்கள், கவுன்டர் ஸ்ட்ரைக் 2-இல் ஆள் தெரிவதற்கு முன்னால் அவன் நிழல் மூலையைத் தாண்டி வந்துவிடுகிற இடங்கள் உண்டு.

பப்ஜியில் புல்லில் படுத்துக்கொண்டால் யாருக்கும் தெரியாது என்று நம்புகிறவர்களுக்கு ஒரு செய்தி: தூரத்திலிருந்து பார்ப்பவன் கணினியில் அந்தப் புல் வரையப்படுவதே இல்லை. உங்களுக்கு முகத்தின் முன்னால் புல்லாகத் தெரியும், முந்நூறு மீட்டர் தள்ளி ஸ்கோப்பில் பார்ப்பவனுக்கு மொட்டைத் தரையில் ஒருவன் குப்புறக் கிடப்பதாகத் தெரியும். புல் பக்கத்தில் வருபவனிடமிருந்துதான் காப்பாற்றும். தூரத்து ஆளிடமிருந்து தப்பிக்கத் தரையின் ஏற்ற இறக்கம், பாறை, மரம் இவைதான் உதவும், அவை எல்லோர் திரையிலும் இருக்கும்.

மூலையில் நிற்கும்போது சுவரை ஒட்டி நிற்காதீர்கள். இரண்டு பேர் ஒரே மூலையின் இரு பக்கமும் இருந்தால், மூலையிலிருந்து தள்ளி நிற்பவன்தான் மற்றவனின் தோளையோ துப்பாக்கி நுனியையோ முதலில் பார்ப்பான். இரண்டு எட்டு பின்னால் வந்து நின்றால் கணக்கு உங்கள் பக்கம் சாயும். அதோடு நெட்வொர்க் தாமதத்தால் அசைந்து வருபவன் நிற்பவனை ஒரு கணம் முன்னதாகவே பார்த்துவிடுகிறான், பீக்கர்ஸ் அட்வான்டேஜ் என்று சொல்வது இதைத்தான். அதனால் அவன் எதிர்பார்க்கிற கோணத்திலேயே அசையாமல் காத்திருப்பது ஸ்டெல்த் கணக்கில் சேராது, அவன் பார்க்க நினைக்காத கோணம் வேண்டும்.

கேரக்டர் ஸ்கின் விஷயம் சின்னதுதான் என்றாலும் சொல்லிவிடுகிறேன். பளபளப்பான ஸ்கின், எரியும் துப்பாக்கி எல்லாம் அழகு, ஆனால் நிழலில் விளக்குப் போட்டதுபோல் இருக்கும். மங்கலான நிறத்தில் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: துப்பாக்கியும் சாமான்களும்

சைலன்சர் இருந்தால் சத்தமே கேட்காது என்று நினைக்க வேண்டாம், அது கேமுக்குக் கேம் வேறு வேறு வேலை செய்கிறது. கவுன்டர் ஸ்ட்ரைக்கில் எம்4ஏ1-எஸ், யுஎஸ்பி-எஸ் இரண்டிலும் குண்டு போகும் கோடு எதிரிக்குத் தெரியாது, வேலரன்ட்டில் ஃபேன்டமும் அப்படித்தான், வாண்டலில் சுட்டால் கோடு நேராக உங்களைக் காட்டும். அதனால் ஸ்மோக்குக்குள்ளே நின்று சுடுவதற்கு ஃபேன்டம்தான் என் தேர்வு. பல கால் ஆஃப் டூட்டி பாகங்களில் சைலன்சர் இல்லாமல் சுட்டால் மினிமேப்பில் சிவப்புப் புள்ளியாகத் தெரிவீர்கள். பப்ஜியில் சைலன்சர் சுடும் இடத்தின் சத்தத்தை மறைக்கும், ஆனால் குண்டு பக்கத்தில் பாயும் சுளீர் சத்தம் எதிரிக்குக் கேட்கத்தான் செய்யும், எங்கிருந்து என்பதுதான் புரியாது. அந்தக் குழப்பம் சில விநாடிதான் நிற்கும், அதற்குள் காரியத்தை முடித்துவிட வேண்டும்.

கால் ஆஃப் டூட்டியில் கோஸ்ட் மாதிரிப் பெர்க்குகளின் (கூடுதல் திறமைகளின்) விளக்கத்தை முழுசாகப் படியுங்கள். யூஏவி என்ற உளவு விமானத்தின் ரேடாரில் தெரியாமல் இருக்கலாம் என்றுதான் எல்லோரும் போடுகிறார்கள், ஆனால் சில பாகங்களில் நகர்ந்துகொண்டிருந்தால் மட்டும்தான் அது வேலை செய்யும். கோஸ்ட் போட்டுக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பவர் ரேடாரில் பளிச்சென்று தெரிந்துகொண்டிருப்பார்.

அதேபோல எதிரணி யாரை எடுத்திருக்கிறது என்பதை மேட்ச் ஆரம்பத்திலேயே பாருங்கள். வேலரன்ட்டில் ஆளைக் காட்டிக்கொடுக்கும் சோவாவின் ரீகான் அம்பு, சைஃபரின் ட்ரிப்வயர், ஏபெக்ஸில் பிளட்ஹவுண்டின் ஸ்கேன், சீஜில் காலடித் தடத்தைப் பின்தொடரும் ஜேக்கல். இவர்கள் இருந்தால் காலடியை அடக்குவது மட்டும் போதாது. சைஃபர் எந்த வாசலில் வயர் கட்டுகிறான் என்று முதல் இரண்டு ரவுண்டில் கவனித்து வைத்தால் மூன்றாவது ரவுண்டில் அதை உடைத்துவிட்டோ, வேறு வழியிலோ போகலாம்.

படி 6: நேரம் பார்ப்பது

பின்னால் போய்விட்டேன், யாரும் பார்க்கவில்லை, சரி, இப்போது என்ன? இங்கேதான் நிறைய பேர் அவசரப்படுகிறார்கள். கவுன்டர் ஸ்ட்ரைக்கின் மிராஜ் மேப்பை எடுத்துக்கொள்வோம். அதில் பாம் வைக்கும் இடங்கள் ஏ, பி என்று இரண்டு, நடுவே இருப்பது மிட், மிட்டிலிருந்து ஏ-க்குப் போகும் வழி கனெக்டர். உங்கள் டீமில் நான்கு பேர் பி பக்கம் போகிறார்கள், நீங்கள் மட்டும் மிட்டில் கனெக்டர் பக்கம் தங்கிவிடுகிறீர்கள், லர்க் என்று சொல்வோமே அது. ரவுண்டு தொடங்கிய உடனே கனெக்டருக்குள் ஏறினால் அங்கே காவல் இருப்பவன் உங்களைச் சுட்டுத் தள்ளுவான், ஏனென்றால் அந்த நேரத்தில் அவன் பார்க்க வேண்டிய இடமே அதுதான். காத்திருங்கள். பி-யில் கண்ணைக் கூசவைக்கும் ஃப்ளாஷ் வெடிக்கிறது, சுடுகிறார்கள், பாம் அங்கேதான் என்று எதிரணிக்கு உறுதியாகிறது. இப்போது ஏ பக்கம் இருந்தவர்கள் கிளம்ப வேண்டும். கிளம்புபவன் கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தத்தைப் பற்றிக் கவலைப்படாமல் ஓடி வருவான். கனெக்டர் வழியாக இறங்குபவனின் காலடி உங்களுக்குக் கேட்கும், உங்களுடையது அவனுக்குக் கேட்காது. அவன் மிட்டுக்குள் காலை வைக்கிற அந்தக் கணம் உங்களுடையது. இரண்டு விநாடி முன்னால் போயிருந்தால் அவன் துப்பாக்கியோடு நின்றிருப்பான், இரண்டு விநாடி பின்னால் போனால் அவன் பி-க்குப் போய்ச் சேர்ந்திருப்பான்.

பாம் வைத்த பிறகும் இதே கணக்குதான். கவுன்டர் ஸ்ட்ரைக்கில் பாம் வெடிக்க 40 விநாடி, அதை டிஃப்யூஸ் செய்ய (செயலிழக்க வைக்க) கிட் என்ற கருவி இருந்தால் 5 விநாடி, இல்லாவிட்டால் 10. டிஃப்யூஸ் தொடங்கும் சத்தம் கேட்கும். நேரம் நிறைய இருக்கும்போது அந்தச் சத்தம் கேட்டால் பெரும்பாலும் அது உங்களை வெளியே இழுக்கப் போடும் தூண்டில், தொட்டுவிட்டுக் கையை எடுத்துவிட்டுத் துப்பாக்கியோடு காத்திருப்பான். அமைதியாக இருங்கள், எண்ணிக்கொண்டே இருங்கள். கடைசி 10 விநாடி நெருங்கும்போது கிட் இல்லாதவனுக்கு வேறு வழி கிடையாது, அவன் உட்கார்ந்தே ஆக வேண்டும். வேலரன்ட்டில் ஸ்பைக்குக்கு (அங்கே பாம் அதுதான்) 45 விநாடி, டிஃப்யூஸ் 7 விநாடி, ஆனால் பாதி முடித்தால் அது அப்படியே சேமிப்பில் நிற்கும், அதனால் அங்கே முதல் சத்தத்தை இவ்வளவு சாவகாசமாக விட்டுவிட முடியாது.

டீம் ஃபோர்ட்ரஸ் 2-இல் மறையவும் வேஷம் போடவும் தெரிந்த ஸ்பை கேரக்டரை ஆடியவர்களுக்கு இந்த நேரம் பார்க்கும் கலை ரத்தத்தில் ஊறியிருக்கும். மறைந்திருக்கும்போது எதிரிமேல் இடித்துவிட்டால் உருவம் ஒரு கணம் மின்னும், வெளிப்படும்போது சத்தம் வரும். ஆகவே அவர்கள் வெளிப்படுவது எதிரியின் முதுகுக்குப் பின்னால் இல்லை, எங்கேயோ ஒரு மூலை தள்ளி. அங்கே வேஷத்தோடு வெளியே வந்து, அந்த டீமில் ஒருவன்போல இயல்பாக நடந்து வருவார்கள். 2007-இல் வந்த கேம், இன்னும் ஸ்டெல்த் கற்க அதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை.

படி 7: சுடலாமா வேண்டாமா

முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன் நிற்கிறான், விரல் துடிக்கும். சுடும்முன் ஒரே கேள்வி: இவனைச் சுட்டபின் நான் இருக்கும் இடம் யாருக்கெல்லாம் தெரியும்? பேட்டில் ராயலில் (கடைசிவரை உயிரோடு இருப்பவர் ஜெயிக்கும் வகை கேமில்) நான்கு பேர் ஸ்க்வாடில் ஒருவனை மட்டும் பார்த்துச் சுட்டால் அவன் நாக் ஆவான் (சாகாமல் கீழே விழுவான்), மற்ற மூவரும் உங்கள் பக்கம் திரும்புவார்கள், சத்தம் கேட்டு இன்னொரு ஸ்க்வாடும் வரும். பல சமயம் விட்டுவிடுவதுதான் சரி. இருவர் வரிசையாகப் போனால் பின்னால் போகிறவனை முதலில் எடுங்கள், முன்னால் போகிறவனுக்குத் தெரிய ஒரு கணம் கூடுதலாகும்.

சுட்டுவிட்டீர்கள் என்றால் ஒரு நொடிகூட அங்கே நிற்காதீர்கள். லூட் பெட்டியைத் திறப்பது, அங்கேயே ரீலோட் செய்வது, ஜன்னலில் இன்னொரு முறை எட்டிப் பார்ப்பது, மூன்றும் உயிரை வாங்கும். இறந்தவன் கில்கேமில் (தன்னைக் கொன்றவன் பக்கத்திலிருந்து காட்டும் காட்சியில்) உங்கள் இடத்தைப் பார்த்திருப்பான், அல்லது மைக்கில் சொல்லியிருப்பான். அந்த இடம் இனி உதவாது என்று வைத்துக்கொண்டு, அவர்கள் தேடி வரும் வழியைப் பார்க்கிற மாதிரி ஒரு புது இடத்துக்கு நகருங்கள்.

படி 8: டீமோடு

தனியாகப் பின்னால் போகிறவர் டீமுக்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். முன்னால் சத்தம் போட ஆள் இல்லாவிட்டால் பின்னால் ஸ்டெல்த்துக்கு அர்த்தமில்லை, நான்கு பேர் உயிரைக் கொடுத்து எதிரியின் கவனத்தை இழுக்கிறார்கள், அந்த நேரத்தில் நீங்கள் ஸ்கோர்போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது நியாயம் இல்லை. "இன்னும் ஐந்து விநாடி, அப்புறம் உள்ளே போங்க" என்று ஒரு வரி போதும். உங்களைப் பார்த்துவிட்டால் அதையும் உடனே சொல்லுங்கள்.

மேப்புக்கு அடியில் புகுந்துகொள்வது, சுவருக்குள் நுழைகிற பக் இதெல்லாம் ஸ்டெல்த் கிடையாது, பெரும்பாலான கேம்களில் அதற்குத் தடை விழும். தொடவே தொடாதீர்கள்.

படி 9: பயிற்சி

டெத்மேட்ச்சில் ஸ்டெல்த் கற்றுக்கொள்ள முடியாது, அங்கே எல்லோரும் ஓடிக்கொண்டே இருப்பார்கள். ஒரு நண்பரைக் கூப்பிட்டு காலி மேப்பில் கஸ்டம் மேட்ச் போடுங்கள். அவர் ஒரு இடத்தில் நிற்கட்டும், திரையைப் பார்க்காமல் காதை மட்டும் வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் தூரத்திலிருந்து ஓடி வாருங்கள், கேட்டதும் அவர் சொல்ல வேண்டும். அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இதையே நடந்து, குனிந்து, ஏணியில், குதித்து, ரீலோட் செய்து, கதவைத் திறந்து என்று ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். அப்புறம் இடத்தை மாற்றி அவர் நடக்க, நீங்கள் கேளுங்கள். படி 3-இல் சொன்ன எல்லை இப்போது மேப்பில் கோடு போட்டமாதிரி உங்களுக்குத் தெரியும்.

ரீப்ளே இருக்கும் கேம்களில் நீங்கள் செத்த இடங்களை எதிரியின் பக்கத்திலிருந்து பாருங்கள். அவன் எப்போது உங்கள் பக்கம் திரும்பினான், அதற்கு ஒரு விநாடி முன்னால் நீங்கள் என்ன செய்தீர்கள்? அநேகமாக ஒரு ரீலோட், இல்லை ஒரு குதிப்பு. அடுத்த மேட்ச்சில் அந்த ஒன்றை மட்டும் நிறுத்துங்கள், மற்றதெல்லாம் அதற்கடுத்த மேட்ச்சில்.